கரிக்கடனும் அனர்த்த தண்ட விரதமும்



சென்ற தசலட்சண நாட்களில், உத்தம சம்யமத்தைச் சிந்திக்கும் ஆறாம் நாளன்று, போடிநாயக்கனூரில் ஓர் அன்பர் இல்லத்தில் கூடியிருந்தோம். கம்பம் பள்ளத்தாக்கில் நம்மவர் குடும்பங்கள் சிலவே. ஆதலின் ஒரு வீட்டுக் கூடமே நமக்குப் போதிய சபையாகிவிடுகிறது. புலனடக்கத்தைப் பற்றியும் உயிர்களிடத்துக் காக்கவேண்டிய அடக்கத்தைப் பற்றியும் பேசி முடித்தபின், பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "அம்மா, உலகமெல்லாம் கார்பன், கார்பன் என்கிறார்கள். நம் ஆகமத்தில் கார்பனுக்கு இடம் உண்டா?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. ஆயினும் அன்று தக்க விடையும் அளித்தோமில்லை. "உண்டு தம்பி, பிறகு சொல்கிறோம்" என்று அமர்ந்துவிட்டோம். விடை தெரியாதபோது நாளைக்கு ஒத்திவைப்பது ஆசிரியர்களின் பழைய தந்திரம். ஓய்வு பெற்றபின்னும் அது நம்மை விட்டு நீங்கவில்லை. அவருக்குத் தரவேண்டிய விடையே இக்கட்டுரை.

நாம் வாழும் ஊரின் பெயர் தேவாரம். தேவாரத்தில் வாழும் சமணர் என்றவுடன் வெளியூர் அன்பர்கள் புன்னகை செய்வர். அப்பெயர் நம் முன்னோரோடு வாதிட்ட பெரியோர் பாடிய நூலுக்கும் உரியதன்றோ! ஊரார் எவரும் நம்மிடம் வாதிட வந்ததில்லை. மாங்காய்க் காலத்தில் மாங்காய் கொடுத்தனுப்புவர், அவ்வளவே. மேற்கே மலை சுவர்போல் நிற்கும். தென்கிழக்கே உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதையும், வட்டெழுத்தில் அச்சணந்தி முனிவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும் அன்பர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலையும் மழையையும் தாங்கிய பாறை அது. அம்முனிவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கில் வெயிலும் மழையும் தத்தம் முறைமை மாறிவருவதே இன்றைய பொருள்.

முதலில் கார்பன் என்பது யாது எனக் காண்போம். அச்சொல் இலத்தீன் மொழியில் அடுப்புக்கரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே அது நாம் நன்கறிந்த கரியே. மரத்திலும் நிலக்கரியிலும் பெட்ரோலிலும் கரி உண்டு. அதை எரிக்கும்போது காற்றிலுள்ள உயிர்வளி அதனோடு கூடிக் கரியமில வாயு ஆகிறது. இதில் மாணவர்கள் எப்போதும் ஐயுறும் இடம் ஒன்றுண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.3 கிலோ. முக்கால் எவ்வாறு இரண்டே கால் ஆகும்? 12 பங்கு கரியோடு 32 பங்கு உயிர்வளி சேர்ந்து 44 பங்காகிறது. எரித்தது மறைந்துபோயிற்று என்று நாம் எண்ணுகின்றோம். அது மறையவில்லை, மும்மடங்கு பெருத்து, கண்ணுக்குத் தெரியாமல் தலைக்கு மேல் நிற்கிறது.

அவ்வாறு நிற்கும் வாயு, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இதனை 1896ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அரீனியசு கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1895 அக்டோபரில், நம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. ஒருபுறம் பென்னிகுயிக் பொறியாளர் மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பித் தந்தார். மறுபுறம், அந்நீருக்கு மூலமான வானத்தையே மனிதன் மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று ஒருவர் எழுதினார். அக்காலத்தில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆலைகள் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, அவாய்த் தீவின் மலையில் 1958இல் முறையாக அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. 2024இல் 420ஐக் கடந்துவிட்டது. அந்த 280 என்னும் அளவு எவ்வாறு தெரியும் எனில், துருவப் பனிக்கட்டியுள் அகப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளே சான்று. தமிழில் கரி என்னும் சொல்லுக்குச் சான்று என்றும் ஒரு பொருள் உண்டு. எத்தனை பொருத்தம் பாருங்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஓராண்டின் சராசரி வெப்பம் 1.5 பாகைக்கு மேல் உயர்ந்த முதல் ஆண்டு 2024 என உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

ஒன்றரைப் பாகை பெரிதா என்று கேட்கலாம். நம் உடல் வெப்பம் ஒன்றரைப் பாகை கூடினால் பள்ளிக்கு விடுப்பு எழுதுகின்றோம். காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யாத நாட்களில் நிலத்தை மேலும் உறிஞ்சும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நாம் மறக்கவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மழையை ஆராய்ந்த அறிவியலார், காலநிலை மாற்றம் அதனை ஏறத்தாழ 10 விழுக்காடு கனமாக்கியது எனக் கண்டனர். அங்கே மடிந்தோருள் பலர் தோட்டத் தொழிலாளர்கள். 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண்ணுள் புதையுண்ட எழுபது பேரும் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்தினரே. மலைச்சரிவுக்கு நிலத்தின் அமைப்பு, வெட்டிய மரம், தோண்டிய பாறை எனக் காரணங்கள் பலவுண்டு. எல்லாப் பழியையும் கரியின்மேல் ஏற்றிவிடுவது முறையன்று. ஆனால் அக்காரணங்களுக்கெல்லாம் மேல் ஒரு பத்தில் ஒரு பங்கை நாம் சேர்த்திருக்கின்றோம்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். வைகறை ஐந்து மணிக்குத் தேவாரத்துக் கடைத்தெருவில் நின்றால் ஜீப்புகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். கையில் தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் நெருங்கி ஏறுவர். போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் இறங்கி வருவர். தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி, கம்பம் ஆகிய ஊர்களில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு இந்த ஏலக்காயால் எரிகிறது. நம்மிடம் பயின்ற பிள்ளைகளின் தாய்மார் சென்ற அவ்வேலைக்கே பின்னர் அப்பிள்ளைகளும் சென்றனர். (சாக்கலூத்து மெட்டு வழியே சாலை வேண்டும் என்பது இவ்வூராரின் நெடுநாள் கோரிக்கை. தொலைவும் எரிபொருளும் குறையும் என்பது உண்மை. காடு பிளவுபடும் என்பதும் உண்மை. இதில் எப்பக்கம் சேர்வது என்று இன்றளவும் நமக்குத் துணிவு பிறக்கவில்லை.)

ஏலச்செடி மென்மையானது. பெருமரங்களின் நிழலில், கடல்மட்டத்துக்கு 600 முதல் 1,200 மீட்டர் வரையுள்ள உயரத்தில், ஈரம் குன்றாத மண்ணில் வளர்வது. நேர்வெயிலும் நீண்ட வறட்சியும் அதற்கு ஆகா. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மலைகளில் மழை பொய்த்து, வெப்பம் மிகுந்து, ஏலச்செடிகள் பெரும்பரப்பில் காய்ந்து சாய்ந்தன. ஒரு கோடை வறண்டதாலேயே அதற்குக் கரிதான் காரணம் என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. வறட்சி முன்னும் வந்ததுண்டு. ஆனால் வெப்பம் கூடிய உலகில் அத்தகைய கோடைகள் அடுத்தடுத்து வரும் என்பதில் அறிவியலார்க்கு ஐயமில்லை.

அக்கோடையில், நம்மிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி, இன்று பாட்டியாகிவிட்டவள், காலைப் பொழுதில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தாள். "என்னம்மா, வேலைக்குப் போகவில்லையா?" என்றோம். "மலையில செடியே இல்லை டீச்சரம்மா, ஜீப்பு வரலை" என்றாள். காய் குறைந்ததால் ஏலக்காயின் விலை ஏறிற்று என்று நாளிதழ் எழுதிற்று. விலை ஏறிய காய் அவள் கைக்கு வரவில்லை, வேலையும் வரவில்லை. அவள் வீட்டில் கார் இல்லை. விமானத்தை வானத்தில் கண்டிருக்கிறாள். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியுமே அவள் வீட்டு மின்செலவு. அவள் எரித்த கரி எவ்வளவு? அவள் செலுத்திய விலை எவ்வளவு? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

பொருளியல் அறிஞர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கின்றனர். 2006ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நிக்கோலசு ஸ்டெர்ன் தம் அறிக்கையில், ஒன்றும் செய்யாதிருந்தால் உலகின் வருவாயில் ஆண்டுதோறும் 5 முதல் 20 விழுக்காடு வரை இழப்பு நேரும் என்றும், தடுப்பதற்கு ஆகும் செலவோ 1 விழுக்காடு அளவே என்றும் கூறினார். 2019இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வெப்பத்தால் இந்தியா 2030ஆம் ஆண்டில் தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை, அதாவது 3 கோடியே 40 இலட்சம் பேரின் முழுநேர உழைப்புக்கு ஈடானதை இழக்கும் என மதிப்பிட்டது. அவ்விழப்பு பெரும்பாலும் வயலிலும் கட்டட வேலையிலும். மின்விசிறியின்கீழ் அமர்ந்து எழுதும் நம்மைப் போன்றோர்க்கு அதில் பங்கு குறைவு.

இன்னொரு கணக்கு நம் உள்ளத்தை மிகவும் வருத்தியது. ஒரு டன் கரியமில வாயுவை வெளியேற்றினால், பயிரிழப்பு, நோய், உயிரிழப்பு, வெள்ளம் என உலகில் எங்கெங்கோ எத்தனையோ பேர்க்கு நேரும் சேதத்தின் மொத்த மதிப்பு 190 டாலர் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2023இல் கணித்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 16,000 ரூபாய். கிலோவுக்கு 16 ரூபாய். அப்படியாயின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாம் கொடுத்த விலைக்கு மேல், கொடுக்காமல் விட்ட கடன் ஏறத்தாழ 37 ரூபாய். ஒரு சமையல் எரிவாயு உருளை 42 கிலோ வாயுவை விடும். அதன் கடன் 670 ரூபாய்க்கு மேல். நம் நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அளவு நிலக்கரியால் ஆவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ, கடன் 11 ரூபாய். இரு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று தமிழ்நாட்டில் மகிழ்கின்றோம். இலவசமாகக் கிடைத்தது மின்சாரம். அதன் கரி இலவசமன்று. 2025இல் அமெரிக்காவில் ஆட்சி மாறியதும் இந்த 190 டாலர் கணக்கையே ஒதுக்கிவைத்தனர். கடன் ஏட்டைக் கிழித்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? அக்கடனை அவர்கள் வாங்கியதும் நாம் வாங்கியதும் நம் மாணவி போன்றோரிடமிருந்து, அவர்களைக் கேளாமலே. கொடாததைக் கொள்ளுதல் எதுவென்று நாம் குழந்தைப் பருவத்திலேயே கற்றிருக்கின்றோம்.

இனி இளைஞரின் வினாவுக்கு விடை. கார்பனுக்கு ஆகமத்தில் இடம் உண்டா? முதலிடமே உண்டு. இல்லறத்தார் செய்யத்தகாத தொழில்கள் எனப் பதினைந்து கர்மாதானங்கள் கூறப்பட்டுள்ளன. சுவேதாம்பர மரபினர் போற்றும் உபாசகதசாங்கத்தில், ஆனந்தன் என்னும் இல்லறத்தானுக்கு மகாவீரர் அருளிய அறவுரையில் இப்பட்டியல் வருகிறது. திகம்பர மரபில் 13ஆம் நூற்றாண்டினரான ஆசாதரரின் சாகார தர்மாமிருதத்திலும் இடம்பெறுகிறது. அப்பதினைந்தில் முதலாவது அங்கார கர்மம், அதாவது கரியால் பிழைத்தல். இரண்டாவது காட்டை வெட்டிப் பிழைத்தல். பூமியை உடைத்துத் தோண்டுதல், காட்டுக்குத் தீயிடுதல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன. கரி, காடு, சுரங்கம், காட்டுத்தீ, வற்றிய ஏரி: காலநிலை மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைப் படிப்பது போலவே இருக்கிறது. நம் ஆசாரியர்கள் வானிலை ஆய்வு செய்தனர் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. அவ்வாறு பேசுவோரைக் கண்டால் நமக்குக் கூச்சமே உண்டாகிறது. மண், நீர், தீ, காற்று, மரம் ஐந்தும் உயிருடையன என்று கண்டவர்கள், அவ்வைந்தையும் சிதைக்கும் தொழிலில் கேடு இருப்பதையும் கண்டனர். அதற்குமேல் வேறு விளக்கம் தேவையில்லை.

நீங்கள் கேட்கலாம்: நாங்கள் கரி வியாபாரம் செய்யவில்லையே, எங்களுக்கு அங்கார கர்மம் எவ்வாறு பொருந்தும்? ஈண்டு சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் நமக்கு வழிகாட்டுகிறது. தமிழில் அருங்கலச்செப்பு அதன் வழிவந்த நூல். அதில் மூன்று குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதம் கூறப்படும். அர்த்தம் பயன், அனர்த்தம் பயனின்மை, தண்டம் உயிர்களை வருத்தும் செயல். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதலே இவ்விரதம். அத்தீங்கின் ஐந்து வகையுள் பிரமாதசரியை என ஒன்றுண்டு. பிரமாதம் என்பது இன்று நாம் பாராட்டுக்குச் சொல்லும் சொல்லன்று. கவனமின்மை, மறதி, அசட்டை என்பதே அதன் பொருள். பயனின்றி மண்ணைக் கிளறுவது, நீரைக் கொட்டுவது, தீ மூட்டுவது, காற்றைக் கிளப்புவது, செடிகொடிகளை வெட்டுவது, வீணே அலைவது, பிறரை அலையச் செய்வது ஆகியன பிரமாதசரியை என்று ஆசாரியர் வகுத்துள்ளார்.

இதில் கருத்தூன்ற வேண்டிய இடம் எது? தீயே மூட்டாதே என்று இல்லறத்தாரிடம் அவர் கூறவில்லை. அது துறவியர் நெறி. சோறு சமைக்க வேண்டும், நோயாளிக்கு வெந்நீர் வேண்டும், பிள்ளை படிக்க விளக்கு வேண்டும். பயனுள்ள தீயை அவர் விலக்கவில்லை. ஆள் இல்லா அறையில் எரியும் விளக்கும், நடந்து செல்லும் தொலைவுக்கு ஓட்டும் வண்டியும், ஒரு திருமணத்துக்கு நான்கு ஊர்களில் நடத்தும் வரவேற்பும், பெட்டி நிறைந்தபின்னும் வாங்கும் பட்டும் எவ்வகை என்பதே அவர் கேட்பது. அவ்விரதத்துக்குரிய குற்றங்களுள் தேவைக்கு மேல் பொருள் சேர்ப்பதும், எண்ணிப் பாராமல் செயலில் இறங்குவதும் அடங்கும் என்பதையும் நினைவில் கொள்க.

மின்சாரம் உயிருள்ள தீயா, அன்றா என்று நம் துறவியரிடையே நெடுங்காலமாக வாதம் உண்டு. அவ்வாதத்துக்குள் நாம் புகவில்லை. கம்பியில் ஓடுவது உயிரோ அன்றோ, தூத்துக்குடியிலோ மேட்டூரிலோ அனல்மின் நிலையத்தில் அதன்பொருட்டு எரிவது தீயே. அத்தீயை மூட்டியவர் யார்? இங்கே தத்துவார்த்த சூத்திரம் தரும் கணக்கை எண்ணிப் பார்க்கலாம். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், செய்தல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, மாயம், அவா என நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. செபமாலையின் மணிகளுக்கு இதனையே காரணமாகக் கூறும் பெரியோரும் உண்டு. கரியைத் தள்ளும் தொழிலாளி செய்பவர். பொத்தானை அழுத்தும் நாம் செய்விப்பவர். ஊரெல்லாம் அப்படித்தான் என்று வாளாவிருப்போர் உடன்படுபவர். மூவருக்கும் வினை உண்டு; தப்பிக்க இடம் இல்லை.

"அமெரிக்காவும் சீனாவும் எரிக்கும் மலையளவு கரிக்கு முன் நம் வீட்டுத் திரி எம்மாத்திரம்?" என்று கேட்போர் உண்டு. ஓரளவு நியாயமான கேள்வியே. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் வெளியேற்ற, ஓர் இந்தியர் சராசரியாக 2 டன் வெளியேற்றுகிறார். வளர்ந்த நாடுகள் தம் பழங்கடனைத் தீர்க்க வேண்டும் என்று நம் அரசு பன்னாட்டு அவைகளில் வாதிடுவது முற்றிலும் அறமானது. ஆனால் அந்த 2 டன் என்பது நம் மாணவியையும் நம்மையும் கூட்டி வகுத்த சராசரி என்பதை மறத்தல் ஆகாது. நம் சமூகத்தில் கடை, தொழில், வெளிநாட்டுப் பயணம் என வாழ்வோரின் கணக்கைத் தனியே எடுத்தால் அது இந்தியக் கணக்காக இராது. மேலும், வினை ஒருவரை ஒட்டுவது உலக மொத்தத்தில் அவர் பங்கு எத்தனை விழுக்காடு என்று பார்த்தா? ஊரில் ஆயிரம் பேர் பொய் சொல்வதால் என் பொய்யின் கனம் குறைவதில்லை.

வேறொரு வாதம் நம்மவரிடையே மட்டும் கேட்பது. "இது பஞ்சமகாலம். ஆறாம் காலத்தில் பூமி கொதிக்கும், மக்கள் குகைகளில் ஒளிந்து வாழ்வர் என்று நூல்களே கூறிவிட்டன. நடப்பது நடக்கும்" என்று பெரியவர் ஒருவர் கூறினார். பஞ்சமகாலத்தின் அளவு 21,000 ஆண்டு. மகாவீரர் வீடுபேறு எய்தி ஏறத்தாழ 2,550 ஆண்டுகளே சென்றுள்ளன. இன்னும் 18,000 ஆண்டுக்கு மேல் மீதம் இருக்கிறது. ஆறாம் காலத்தை இந்த நூற்றாண்டுக்கே இழுத்து வாருங்கள் என்று எந்த நூலும் நமக்குக் கட்டளையிடவில்லை. இதைக் கூறியதும் பெரியவர் சிரித்துவிட்டார். ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

குறை கூறுவதாயின் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த விழா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். வாயில் முதல் மண்டபம் வரை பகலிலும் சரவிளக்குகள் எரிந்தன. வெளியே டீசல் ஜெனரேட்டர் முழங்கிற்று. அதன் இரைச்சலில் அகிம்சை பற்றிய உரை காதில் விழவில்லை. உணவில் கிழங்கு சேர்க்கப்படவில்லை, நீர் வடிகட்டப்பட்டது, கதிரவன் மறையுமுன் பந்தி முடிந்தது. நுண்ணுயிர்க்கு அஞ்சி வாய்க்குத் துணி கட்டியோர் அமர்ந்திருந்த பந்தலுக்குப் பின்னால் மணிக்குப் பல லிட்டர் டீசல் புகைந்துகொண்டிருந்தது. நாமும் அங்கே இனிது உண்டு திரும்பினோம். ஒரு சொல்லும் கூறவில்லை. உடன்படுதல் என்று மேலே எழுதினோமே, அதற்கு நாமே சான்று.

நம் பள்ளத்தாக்கில் வேறு வழியும் கண்ணெதிரே உண்டு. பெரியாற்று நீர் மலையிலிருந்து குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, அதே நீர் ஆற்றில் சேர்ந்து 14,707 ஏக்கர் இருபோக நெல்லை விளைவிக்கிறது. பதினெட்டாம் கால்வாய் வழியே தேவாரம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. ஆடிக்காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. இவற்றிலும் தீங்கே இல்லை என்று நாம் கூறமாட்டோம். அணைக்காகக் காடு மூழ்கியது, சுழலும் இறக்கையில் பறவை அடிபடும். முழுதும் தீங்கற்ற ஆற்றல் இவ்வுலகில் இல்லை. ஆகவேதான் எதிலிருந்து பெறுகிறோம் என்பதைவிட எவ்வளவு பெறுகிறோம் என்னும் அளவையே விரதமாக வைத்தனர். போகோபபோக பரிமாணம் என்பது அதுதானே. ஆனால் ஆடிக்காற்றும் ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையும் முறை தவறினால் இந்த வழியும் அடைபடும். அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் முதற்போக நாற்று தள்ளிப்போனதை இங்குள்ள உழவர் எவரும் கூறுவர்.

சென்ற ஆண்டு முதல் நம் வீட்டில் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கியுள்ளோம். பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் மின் அளவி காட்டும் எண்ணையும், எரிவாயு உருளை மாற்றிய நாளையும், பேருந்தன்றிக் காரில் சென்ற பயணத்தையும் எழுதுகின்றோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அ' என்றோ 'அன' என்றோ குறிப்பு: அர்த்தம், அனர்த்தம். முதல் மாதம் 'அன' மிகுதியாக இருந்தது கண்டு வெட்கினோம். மோட்டாரை நிறுத்த மறந்து மேல்நிலைத் தொட்டி வழிந்த நாள்கள் மட்டும் நான்கு. பிரமாதசரியை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்த உரையாசிரியரும் எழுதியிருக்க முடியாது.

இப்போது நம் சங்கத்தார்முன் ஒரு பொருள் இருக்கிறது. கூட்டத்துக்கு வருவோருள் முதியோர் மிகுதி. சென்ற கோடையில் நடந்த சொற்பொழிவு ஒன்றில் ஓர் அம்மையார் வெப்பத்தால் மயங்கிச் சரிந்தார். ஆதலின் கூடத்துக்குக் குளிரூட்டும் கருவிகளும், மின்தடைக்கென ஒரு ஜெனரேட்டரும் வாங்கலாம் என்று சிலர் முன்மொழிந்துள்ளனர். நமக்கும் எழுபது கடந்துவிட்டது. பங்குனி வெயில் நம்மையும் வாட்டுகிறது. முதியோரின் உயிரைக் காப்பது அனர்த்தம் என்று நாம் வாதிட மாட்டோம். ஆயினும் பிற்பகல் நான்கு மணிக்குக் கூடும் கூட்டத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றலாகாதா? கூரைமேல் வெண்சுண்ணாம்பு பூசினால் கூடத்தின் வெப்பம் இறங்கும் என்பதை முதலில் செய்து பார்க்கலாகாதா? அதன்பின்னும் ஒருவர்க்கு இயலாதெனின் ஒரே ஓர் அறையை மட்டும் குளிரூட்டி அவரை அதில் அமர்த்தலாம்.

இம்மூன்றையும் எழுதிச் செயலாளரிடம் அளித்துள்ளோம். வினா எழுப்பிய இளைஞர் கூரையை அளந்து, எத்தனை சிப்பம் சுண்ணாம்பு வேண்டும் என்று கணக்கிட்டுத் தந்திருக்கிறார். தை மாதக் கூட்டத்தில் இது எடுத்துக்கொள்ளப்படும்.